321 என்ற சிவப்பு

அன்புள்ள அக்கா,

எம்பிராய்டரி பற்றி நீங்கள் எழுதிவருவதைப் படிக்கிறேன். அம்மா இறந்து ஒரு வருடம் கழித்துத்தான் அவர் தையல் பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வந்தது. பாதி தைத்த மேசை விரிப்பு ஒன்றும், டி.எம்.சி. என்று காகிதப் பட்டை போட்ட நூல் சிட்டங்கள் சிலவும் இருந்தன. சிவப்பு தீர்ந்துபோய் வெறும் பட்டை மட்டும் கிடந்தது. அதில் 321 என்று எண். அதே எண்ணைக் கேட்டு வாங்கி விரிப்பைத் தைத்து முடித்தேன். அம்மாவின் தையல் எங்கே முடிகிறது, என்னுடையது எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை.

என் தோழி, “பருத்தி விளைகிற நாட்டில் இருந்துகொண்டு பிரெஞ்சு நூலுக்கு இவ்வளவு விலையா? அந்தக் கம்பெனியே திவாலாகிவிட்டதாமே” என்கிறாள். இது உண்மையில் யாருடைய நூல்? இனிமேலும் கிடைக்குமா?

தி., கும்பகோணம்

அன்புள்ள தி.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த விரிப்பை நீங்கள் தைத்து முடித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தோழியின் கேள்விக்குப் பதில் நம் சோழமண்டலக் கரையிலிருந்துதான் தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பலேறிய பூவேலைப் பருத்தித் துணிகளுக்கு ஐரோப்பாவே மயங்கிக் கிடந்தது. எத்தனை முறை துவைத்தாலும் அந்தச் சிவப்பு போகாது. பிரான்சில் பட்டும் கம்பளியும் நெய்தவர்கள் பிழைப்பு போகிறதென்று முறையிட்டார்கள். 1686இல் அரசு அந்தத் துணிகளைத் தடை செய்தது. உள்ளூரில் அதுபோல அச்சடிப்பதும் குற்றம். 1759 வரை அந்தத் தடை நீடித்தது. அந்தத் துணிக்கு அங்கே பெயரே ‘இந்தியென்’, அதாவது இந்தியத் துணி.

அந்தச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, படிகாரத்தால் கோலமிட்டு, பிறகு சாயவேர்க் கொதிநீரில் போடுவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்ளும். இந்த முறையை இங்கிருந்த பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார் கேர்தூ, தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டு, 1742இல் ஒரு நீண்ட கடிதமாகவே எழுதினார். பெயர் தெரியாத நம் ஊர்க் கைவினைஞர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன.

அதற்கு நான்கு வருடம் கழித்து, 1746இல், மூலூஸ் நகரத்தில் கெக்லின், ஷ்மால்ட்சர், டோல்ஃபுஸ் என்ற மூன்று இளைஞர்கள் ‘இந்தியென்’ அச்சடிக்கும் பட்டறை தொடங்கினார்கள். டோல்ஃபுஸ் ஓவியர். மூலூஸ் இன்று பிரான்சில் இருந்தாலும் அப்போது ஸ்விஸ் நகரங்களோடு கூட்டு வைத்திருந்த தனிக் குடியரசு. 1798இல்தான் பிரான்சோடு சேர்ந்தது. அதனால் பிரெஞ்சு அரசரின் தடை அங்கே செல்லவில்லை. 1800இல் அந்தக் குடும்பத்து தானியேல் டோல்ஃபுஸ், ஆன்-மரி மீக் என்ற பெண்ணை மணந்து, அவர் குடும்பப் பெயரையும் கம்பெனிப் பெயரோடு சேர்த்தார். டோல்ஃபுஸ்-மீக் எ கொம்பாஞி. உங்கள் பட்டையில் இருக்கும் மூன்று எழுத்து அதுதான்.

நம் துணியைப் பார்த்துப் பிறந்த பட்டறை அது. தோழியிடம் இதைச் சொல்லுங்கள்.

நூல் பக்கம் அவர்கள் வந்தது 1840களில். அப்புறம் காஸ்டிக் சோடா வந்தது. பருத்தி நூலை அந்தக் கரைசலில் போட்டால் இழை பருத்து வலுவாகும், சாயம் ஆழமாக ஏறும் என்று இங்கிலாந்தில் ஜான் மெர்சர் 1844இல் கண்டுபிடித்திருந்தார். நூலைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்தபடி இதைச் செய்தால் பட்டுபோல மினுக்கும் என்பது 1890 வாக்கில் தெரிந்தது. பதப்படுத்தாத பருத்தி இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் முறுக்கிய நாடாபோலச் சப்பையாக இருக்கும். இந்தக் குளியலில் அது உருண்டு திரள்கிறது, ஒளி சீராகத் தெறிக்கிறது. உங்கள் 321இன் பளபளப்பு இப்படி வருவதுதான்.

ஆனால் இந்த நூல் உங்கள் அம்மா காலம்வரை வந்து சேர்ந்ததற்கு இயந்திரத்தைவிடப் பெரிய காரணம் ஒரு பெண் என்பது என் எண்ணம். தெரேஸ் தெ தில்மோன், 1846இல் ஆஸ்திரியாவில் வீனர் நொய்ஷ்டாட்டில் பிறந்தவர். மூலூஸை ஒட்டிய டோர்னாக்கில் டி.எம்.சி.யோடு சேர்ந்து எம்பிராய்டரிப் பள்ளி நடத்தினார். 1886இல் ஊசிவேலைக் கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். சாதாரண ஓட்டுத் தையலில் தொடங்கி லேஸ் வரைக்கும், படத்தோடு, படிப்படியாக. 17 மொழிகளுக்குப் போனது அது. அவர் 43 வயதில் இறந்துவிட்டார். நூல் விற்கிறவன் நூலோடு நிறுத்திக்கொள்ளலாம். இவர்கள் அதை வைத்து என்ன செய்வது என்றும் கூடவே கற்றுக்கொடுத்தார்கள். கற்ற கை அந்த நூலையே மறுபடி கேட்டது.

மூலூஸ் ஊரும் லேசுப்பட்ட பாடு படவில்லை. 1871இல் ஜெர்மனிக்குப் போனது, 1918இல் திரும்பியது, 1940இல் மறுபடி போய் 1944இல் மீண்டது. 1961இல் தியேரியே, கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற இன்னொரு நூல் கம்பெனியோடு டி.எம்.சி. இணைந்தது. புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் அந்த நூல்காரக் குடும்பத்துப் பிள்ளை. குதிரைத்தலை முத்திரை அந்த இணைப்பில் வந்தது. அம்மாவின் பெட்டியில் எதிலாவது டி.எம்.சி.யோடு குதிரைத்தலையும் இருக்கிறதா பாருங்கள்.

பிறகு சரிவு. ஆயத்த ஆடைகள் வந்தன, வீட்டில் தைப்பது குறைந்தது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2008இல் கம்பெனி நீதிமன்றத்தின் பாதுகாப்பில் வைக்கப்பட்டது. தோழி கேள்விப்பட்டது இதைத்தான். வாங்கியவர்கள் துணி வியாபாரச் சுமையையெல்லாம் விட்டு, கைவேலை நூலைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பின்னும் உரிமை கைமாறியது. இன்றும் மூலூஸில் நூல் தயாராகிறது. காலியான பழைய ஆலைக் கட்டடம் ஒன்றில் இப்போது ஓவியர்களும் கைவினைஞர்களும் பட்டறை வைத்திருக்கிறார்கள். கொரோனா ஊரடங்கில் எத்தனையோ இளைஞர்கள் முதல்முறையாக ஊசி பிடித்ததும் இந்தத் தொழிலுக்குப் புது ரத்தம் பாய்ச்சியது.

சரி, விலை. பழகுவதற்கும், அடிக்கடி துவைக்கிற பிள்ளைகள் துணிக்கும் நம் கடையில் கிடைக்கும் மற்ற நூலே போதும். அவற்றிலும் நல்ல நூல் உண்டு. ஆனால் ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடிக்க வேண்டுமென்றால் எண் மாறக்கூடாது. ஒரு கம்பெனி எண்ணுக்கு இன்னொன்றில் எது ஈடு என்று காட்டும் எண் மாற்றுப் பட்டியல் பார்த்து வேறு கம்பெனி நூல் வாங்கினால் நிறம் கிட்டே வரும், ஒன்றாகாது. இப்போது அவர்களிடம் 500 நிறங்கள். அதில் 321ஐக் கேட்டால் 321 வருகிறது. அதற்காக அந்த விலையைக் கொடுக்கலாம் என்றே நான் சொல்வேன்.

ஒரு சிட்டம் 8 மீட்டர், ஆறு இழை. ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள், முடிச்சு விழும். ஆறிலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துப் பிறகு சேர்த்துக் கோர்த்தால் தையல் படிந்து உட்காரும். பழைய சிட்டங்களில் சிவப்பும் கறுப்பும் இருந்தால் முதலில் ஈர வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். காலியான பட்டைகளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அம்மா வைத்திருந்த எல்லா எண்களையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே ஒவ்வொன்றிலும் ஒரு விரல்கடை நூலை ஒட்டி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா