எஃப் கார்டில் நின்றுபோகும் கை

அன்புள்ள சார்,

எனக்கு 43 வயது, தஞ்சாவூரில் வங்கி வேலை. ரெண்டு வருஷமாக வீடியோ பார்த்தே கிட்டார் வாசிக்கிறேன். ஜி, சி, டி, இ மைனர் கார்டுகள் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் பிடிகள்) எல்லாம் வந்துவிட்டது. ஆள்காட்டி விரலை எல்லாக் கம்பியின் மேலும் படுக்க வைக்கும் எஃப் வந்தால் கை நின்றுவிடுகிறது, பாதிக் கம்பியில் சத்தமே இல்லை. ஒரு மாஸ்டரிடம் தனி வகுப்புக்குப் போகலாமா? இந்த வயதில் முதலிலிருந்து ஆரம்பிக்கக் கூச்சமாக இருக்கிறது. 9 வயது மகளும் ஆசைப்படுகிறாள். இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்தால் செலவு மிச்சமாகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாகப் போங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது. நல்ல மாஸ்டர் என்றால் முதல் நாள் உங்களை வாசிக்கச் சொல்லிவிட்டு, பேசாமல் கையைப் பார்ப்பார். தனி வகுப்புக்குக் காசு கொடுப்பதே அதற்குத்தான். வீடியோவில் வருபவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், உங்கள் முழங்கை எங்கே நிற்கிறது, கட்டைவிரல் எவ்வளவு இறுக்குகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வழியில்லை.

கூச்சத்துக்கு ஒன்று சொல்கிறேன். இளையராஜா அண்ணன்மார்களோடு ஊர் ஊராக மேடையில் பல வருஷம் வாசித்துவிட்டுத்தான் சென்னைக்கு வந்து, 25 வயதைத் தாண்டி, மயிலாப்பூரில் மேற்கத்திய இசை கற்றுத்தந்த தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவனாக உட்கார்ந்தார். நன்றாக வாசிக்கிறவர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒருவர் வேண்டியிருக்கிறது.

சரி, எஃப். மாஸ்டரைத் தேடுவதற்கு முன்னால் இன்று ராத்திரியே ஒன்று செய்யுங்கள். அதே எஃப் பிடியை அப்படியே நகர்த்தி ஐந்தாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் ஐந்தாவது) பிடியுங்கள், ஏ மேஜர் கார்டு வரும். அங்கே சுத்தமாகக் கேட்டால் உங்கள் விரலில் பெரிய கோளாறு இல்லை, கிட்டாரைத்தான் சந்தேகப்பட வேண்டும். முதல் ஃபிரெட் நட்டை (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டு) ஒட்டியே இருக்கிறது, நட்டில் கம்பி உட்காரும் பள்ளம் போதுமான ஆழம் இல்லாவிட்டால் கம்பி அங்கே தூக்கி நின்றுகொண்டு எவ்வளவு அமுக்கினாலும் எதிர்க்கும். பன்னிரண்டாவது ஃபிரெட்டிலும் மில்லிமீட்டர் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், ஸ்டீல் கம்பி கிட்டாரில் தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பழகுகிறவருக்கு அது வீண் கஷ்டம். ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து செட்டப் (கம்பியின் உயரத்தைச் சரிசெய்வது) செய்துகொள்ளுங்கள், அப்படியே மெல்லிய கம்பி செட் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். விலை குறைந்த கிட்டாரோடு மல்லுக்கட்டிவிட்டு 'எனக்கு வராது' என்று மூலையில் சாத்தி வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது ரொம்ப வருத்தமான விஷயம்.

ஐந்தாவது ஃபிரெட்டிலும் சத்தம் வரவில்லையா? அப்போது கைதான். ஆள்காட்டி விரல் ஆறு கம்பியின் மேலும் படுத்திருந்தாலும், அது நிஜமாக அமுக்க வேண்டியது மூன்றைத்தான்: ஆறாவது (தடித்தது), இரண்டாவது, முதலாவது (மெல்லியது). நடுவில் உள்ள மூன்றையும் மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. விரலைத் தட்டையாக வைக்காமல் நட் பக்கம் லேசாகச் சாய்த்து, அந்தப் பக்கத்து எலும்பால் அமுக்குங்கள், ஃபிரெட்டை ஒட்டியே. அமுக்கும் பலம் கட்டைவிரலில் இருந்து வரக் கூடாது, கையின் கனம் பின்னால் இழுப்பதில் இருந்து வர வேண்டும். இதைப் படித்துப் புரிந்துகொள்வது சுலபம், ஆனால் எந்த இடத்தில் சரிந்துவிடுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்கிறவர் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

உங்கள் நிலையில் மாசத்துக்கு இரண்டு வகுப்பு போதும். நடுவில் தினமும் கால் மணி நேரம், மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டில் வைத்து, நாலு தட்டு சி, நாலு தட்டு எஃப். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்று உட்கார்ந்தால் விரல் நுனி வலிக்கும், வேறொன்றும் நடக்காது. எந்தப் பாட்டு வாசிக்க ஆசை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், வகுப்பு நேரத்தில் பாதிக்கு மேல் மாஸ்டரே வாசித்துக்காட்டினால் வேறு ஆள் பாருங்கள்.

மகளைத் தயவுசெய்து தனியாகச் சேருங்கள். அவளுக்கு அரை மணி நேரம் போதும், செலவும் அதற்கேற்பக் குறையும். அப்பா பக்கத்தில் இருந்தால் பிள்ளை தப்பு செய்யவே பயப்படும், தப்பு செய்யாமல் கிட்டார் வராது. டிரினிட்டி கிரேடு தேர்வு (லண்டன் டிரினிட்டி கல்லூரி படிப்படியாக நடத்தும் இசைத் தேர்வு) பற்றி யாராவது இப்போதே பேசினால் ஒரு வருஷம் கழித்து அவளிடமே கேளுங்கள். நைலான் கம்பிக் கிட்டாராக இருக்கட்டும், ஆனால் முதல் வகுப்பு முடியும்வரை வாங்க வேண்டாம், முக்கால் அளவா அரை அளவா என்று அவள் கையைப் பார்த்து மாஸ்டரே சொல்லட்டும்.