பாடம் தெரிந்தால் போதாதா?

வணக்கம் ஐயா. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடித்திருக்கிறேன். நுவரெலியாப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆசிரிய நியமனம் கிடைக்கும் போலிருக்கிறது. இங்கே ஒரு ரியூட்டரியும் கூப்பிடுகிறது. காசு அங்கேதான். மலைநாட்டுக்குப் போனால் வாழ்க்கை அதோடு முடிந்தது என்கிறார்கள் வீட்டில். பட்டப்பின் கல்வி டிப்ளோமா இல்லாமல் வகுப்பில் போய் நிற்கலாமா? பாடம் தெரிந்தால் போதாதா?

சி., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

சம்பளக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள். வெள்ளவத்தை வாடகை என்னவென்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். டிப்ளோமாவை வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் படிக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது கடைசிக் கேள்விக்காக. கொஞ்ச நாளாக அதுவேதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

போதாது.

மேலே எறிந்த பந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அதில் தாக்கும் விசைகளைக் குறிக்கச் சொல்லி ஒரு ஏ.எல். பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். கீழ்நோக்கி ஈர்ப்பைப் போட்டுவிட்டு, 'எறிந்த விசை' என்று மேல்நோக்கியும் ஓர் அம்புக்குறி போடும். கையை விட்ட பிறகு அப்படியொரு விசை கிடையாது. அதே பிள்ளை இயக்கச் சமன்பாட்டுக் கணக்கில் முழுப் புள்ளி எடுக்கும். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர் தன் மாணவர்களைச் சோதித்தபோது கண்டதும் இதே மாதிரித்தான்: கணக்கு வரும், கருத்து வராது. அந்த இரண்டாவது அம்புக்குறி எங்கிருந்து வருகிறது என்று உங்கள் சிறப்புப் பட்டத்தில் யாராவது சொன்னார்களா?

எங்களுக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். பரிவுக் குழாய்ப் பரிசோதனை. 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் குழாய் வாயில் பிடித்துக்கொண்டு, குழாயை நீருக்குள்ளிருந்து மெல்ல உயர்த்தவேண்டும். நீருக்கு மேலே குழாய் 16 சென்ரிமீற்றர் வந்ததும் சத்தம் சட்டென்று எழும்பியது. கொழும்பு வெக்கையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர். அந்த நீளம் அலைநீளத்தில் கால்வாசி, கணக்குப்படி 17 வரவேண்டும். வகுப்பில் பாதிப்பேர் கொப்பியில் 17 என்றே எழுதிவைத்திருந்தார்கள். மாஸ்டர் ஏசவில்லை. விடையும் சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து அகலமான இன்னொரு குழாயை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அதில் நீளம் இன்னும் குறைந்தது. அப்புறம்தான் அலை குழாயின் வாயோடு நிற்பதில்லை, கொஞ்சம் வெளியேயும் போகிறது, எவ்வளவு என்பது விட்டத்தைப் பொறுத்தது என்று நாங்களே பேசிப் பிடித்தோம். பிள்ளைகள் 17 என்று பொய் எழுதும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அந்தக் குழாய் சும்மாவா அலுமாரியில் இருந்தது?

இன்றைக்கு இதுவே 'முனைத் திருத்தம்' என்ற பெயரில் அமைப்புக் கட்டுரை வினாவில் வரும். குழாயைக் கண்ணால் காணாத பிள்ளையும் அதற்குப் புள்ளி எடுக்கும். ஹோல் நிறைய ஆட்களை வைத்து மைக்கில் பாஸ்ட் பேப்பர் செய்தால் போதும். பிறகு அந்தப் பிள்ளைதான் கம்பஸ் போய், பட்டம் எடுத்து, உங்களைப்போல எனக்குக் கடிதம் எழுதுகிறது. கோபிக்கவேண்டாம்.

ஆசிரியரைத் தேடுவதும் நாம் பிந்தித்தான் செய்கிறோம். பட்டம் முடிந்து, வேறு வேலை சரிவராமல் நிற்பவரிடம் நியமனக் கடிதத்தை நீட்டுகிறோம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் போல்டரில் 2003இல் வேறு வழியில் தொடங்கியது. ஒரு பாடத்தைப் படித்து முடித்த மாணவரையே சம்பளம் கொடுத்து அதே வகுப்புக்குத் திருப்பி அனுப்பி, சின்னக் குழுக்களோடு இருந்து பேசவைத்தார்கள். கற்பித்தல் பற்றி ஒரு பாடமும் கூடவே நடந்தது. அங்கே ருசி கண்ட சிலர் பாடசாலை ஆசிரியர்களாகப் போனார்கள். கம்பஸில் இரண்டாம் வருடத்தில் உங்களை யாராவது இப்படி ஒரு பிள்ளைக்கு முன்னால் உட்காரவைத்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

மலைநாட்டுக்குப் போனால் வாழ்க்கை முடிந்தது என்பவர்களிடம் ஒன்று கேளுங்கள். பௌதிகவியல் படிப்பிக்க ஆளில்லாமல் ஹற்றனிலிருந்து வந்து உங்கள் ஒழுங்கையிலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகளின் வாழ்க்கை எங்கே தொடங்குகிறதாம்? எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

சரி. நியமனத்தை எடுங்கள். போன முதல் கிழமையே ஆய்வுகூடச் சாவி யாரிடம் இருக்கிறதென்று விசாரியுங்கள். இசைக்கவை எப்படியும் ஒன்று கிடக்கும். குழாய் இல்லாவிட்டால் ஹாட்வெயார் கடையில் பிவிசி குழாய் வாங்கலாம். இரண்டு அகலத்தில் வாங்குங்கள்.