பாதாம் கோட்டிங் போட்ட ஓவன் மீன்: மலைக்காரங்க கேள்விக்கு பதில்

குன்னூர்ல இருந்து: அக்கா, பாதாம் பொடி ஒட்டி ஓவன்ல மீன் வச்சேன், எடுத்தா மேல நமுத்துப் போய் தட்டுல தண்ணி நிக்குது. ஏன்?

மீன் பேரு சொல்லல, ஆனா ஃப்ரோசன் பாசான்னுதான் தோணுது. அது மேல ஐஸ் பூச்சோட வரும். முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல இறக்கிடுங்க. காலைல உப்பு தடவி கால் மணி நேரம் விட்டா அதுவே தண்ணி விடும், பருத்தித் துணிய வச்சு நல்லா அழுத்தி ஒத்தி எடுங்க, துணி ஈரமானா மாத்திட்டு திரும்ப ஒத்துங்க. அப்புறம் பாதாம். மழை மாசத்துல நம்ம ஊர்ல தொறந்து வச்ச முறுக்கே சாயந்திரத்துக்குள்ள நமுத்துடுது, பாதாம் மட்டும் தப்பிக்குமா? லேசா வறுத்து, முழுசா ஆறவிட்டு, மிக்ஸில விட்டு விட்டு சுத்துங்க, ரவையவிட கொஞ்சம் பெருசா இருக்கணும், ஒரேயடியா ஓட்டினா எண்ணெய் விட்டு களியாயிடும். கோட்டிங் மேல் பக்கம் மட்டும் போதும், அடில போட்டா எப்படியும் ஊறத்தான் போகுது.

ஊட்டிலேந்து: ப்ரெட் க்ரம்ப்ஸ் கண்டிப்பா வேணுமாங்க?

நம்ம ஊர் பேக்கரில விக்கற மொறுமொறு வர்க்கி பிஸ்கட் இருக்கும்போது அதெதுக்குங்க! 400 கிராம் மீனுக்கு 60 கிராம் பாதாம், அதுல பாதி அளவு கையால நொறுக்கின வர்க்கி. அதுலயே கொழுப்பு இருக்கு, அதனால வெண்ணெய் ஒரு ஸ்பூன் போதும். ஒட்டறதுக்கு முட்டை வெள்ளைக்கரு, இல்ல துணில கட்டி வடிச்ச தயிர், மெல்லிசா.

அவரே: 2240 மீட்டர் உயரத்துல இருக்கோம், குக்கர் இல்லாம பருப்பே வேகாது. ஓவன்லயும் டைம் கூட்டணுமா?

வேணாம். தண்ணி இங்க 92, 93 டிகிரிலயே கொதிச்சுடுது, அதான் பருப்பு அடம் பிடிக்குது. மீனுக்கு அவ்ளோ சூடே தேவையில்ல, நடுவுல 63 டிகிரி வந்தா வெந்தாச்சு. 200 டிகிரில நல்லா ப்ரீஹீட் பண்ணிட்டு, 2 செ.மீ தடிமன்னா 12 நிமிஷம், ஆனா பத்துலயே ஒரு தடவ பாருங்க, ஸ்பூன் முனைய வச்சு நெம்பினா உள்ள வெள்ளையாகி இதழ் இதழா பிரியணும். அதுக்குள்ள மேல கருகற மாதிரி இருந்தா ஃபாயில லேசா போத்துங்க, இறுக்கி மூடினா ஆவில திரும்ப நமுத்துடும்.

கோத்தகிரிலேந்து: என்ன மீன் வாங்கலாம்?

கொடுவா கிடைச்சா யோசிக்காதீங்க. பாறையும் ஓகே, தோல் எடுத்து வாங்குங்க. மத்தி, அயிலை வேணாம், அதுவே எண்ணெய் மீன், நட்ஸும் சேந்தா திகட்டும்.

கொடைக்கானல்ல இருந்து ஒரு தம்பி: ஓவனே இல்லக்கா.

தோசைக்கல்லுல மீன வெறுமனே சுட்டு எடுப்பா. பாதாமையும் வர்க்கி இல்லன்னா ரஸ்க் தூளையும் தனியா வெண்ணெய்ல செவக்க வறுத்து, தட்டுல வச்சப்புறம் மேல தூவு. எலுமிச்சைய ஓரமா வை, மேல பிழியாத.

நீலகிரி வெலிங்டன்ல இருந்து: பொண்ணுக்கு நட்ஸ் அலர்ஜி, பாதாமுக்கு பதிலா வேர்க்கடலை போடலாமா?

டாக்டர கேக்காம அதெல்லாம் மாத்தி மாத்தி போட்டுப் பாக்காதீங்கம்மா. பேக்கரி வர்க்கியும் வேணாம், அங்க நட்ஸ் பட்டிருக்கலாம். அவளுக்கு ஒத்துக்கற ப்ரெட்டையே வீட்ல காயவச்சு பொடிச்சு, பூண்டும் தைம் இலையும் சேத்து போடுங்க, மிக்ஸி ஜார முதல்ல நல்லா கழுவிட்டு.