மலிவு ஆக்சிஜன் சென்சார் போடலாமா? பெங்களூரு கார்க்காரர்கள் கேட்டவை

பெங்களூரில் 20 வருடமாக கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். மழை தொடங்கியதும் செக் எஞ்சின் லைட் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஆக்சிஜன் சென்சார்தான், அதாவது சைலன்சர் பைப்பில் உட்கார்ந்து புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளக்கும் கருவி. தமிழில் கேட்டவர்களுக்குத் தமிழிலேயே பதில் சொல்கிறேன்.

அல்சூரிலிருந்து: அண்ணா, 2014 மாடல் பெட்ரோல் கார். ஸ்கேன் செய்தால் பி0135 என்று எர்ரர் கோடு வருகிறது. கம்பெனி சர்வீஸில் 7,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். ஆன்லைனில் அதே சென்சார் 900 ரூபாய். வாங்கிவிடலாமா?

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் தம்பி. பி0135 என்றால் முன் சென்சாரின் (எஞ்சினுக்குப் பக்கத்தில் இருப்பது) ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் அர்த்தம். சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காகத்தான் உள்ளே ஒரு குட்டி ஹீட்டர் வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். மழைத் தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் உலோக பின்களில் பச்சைப் பூ பூத்திருந்தால், அதைச் சுத்தம் செய்தாலே வேலை அங்கேயே முடிந்துவிடும். அதுவும் சரியாக இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். நான்கு வயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இரண்டு வயர் இருக்கும், அவைதான் ஹீட்டர். எஞ்சின் ஆறியிருக்கும்போது அளந்தால் சில ஓம்ஸ் காட்ட வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றத்தான் வேண்டும்.

இப்போது 900 ரூபாய் விஷயம். பெயர் தெரியாத சென்சார்கள் என் கையில் எத்தனையோ வந்து போயிருக்கின்றன. போட்ட அன்று லைட் அணைந்துவிடும். சில மாதத்தில் அதே எர்ரர் கோடு திரும்ப வரும். பெரும்பாலும் முதலில் போவது அந்த ஹீட்டர்தான். ஆனால் 7,000 கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பாஷ், என்டிகே, டென்ஸோ மாதிரி கம்பெனிகள்தான் கார்க் கம்பெனிகளுக்கே சென்சார் செய்து கொடுக்கின்றன. உங்கள் பழைய சென்சாரின் உடம்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதே தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில், உங்கள் வண்டிக்கான பார்ட் நம்பரில் கேளுங்கள். விலை பெரும்பாலும் நடுவில் நிற்கும். என் கஸ்டமர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

மடிவாளாவிலிருந்து: ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் வாங்கினால் டூப்ளிகேட் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். பில் தராத கடையில் வாங்காதீர்கள், இது முதல் விதி. பழைய சென்சாரைக் கையோடு கொண்டுபோய் கனெக்டர், வயர் நீளம், உடம்பில் பொறித்த எழுத்து மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டியில் ஒரு நம்பர், உடம்பில் வேறு நம்பர் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, வைட்பேண்ட் சென்சாரும் (காற்று-பெட்ரோல் விகிதத்தையே துல்லியமாக அளக்கும் வகை) சாதாரண சென்சாரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மரையும் ஒன்றாகவே இருக்கலாம். மாற்றிப் போட்டால் வண்டி சரியாக ஓடாது. ‘எல்லாத்துக்கும் இதுதான் சார்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

கம்மனஹள்ளியிலிருந்து: மெக்கானிக் கனெக்டர் இல்லாத யுனிவர்சல் சென்சார் வாங்கி, பழைய வயரை வெட்டி இணைத்துத் தந்தார். அன்றே லைட் மறுபடி எரிகிறது. ஏன் சார்?

வயர் நிறத்தைப் பார்த்து இணைத்தாரா என்று கேளுங்கள். போன வருடம் இதே மாதிரி ஒரு வண்டி என்னிடம் வந்தது. கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கு முடிச்சு, மேலே கருப்பு டேப், சூட்டில் டேப்பின் பசை உருகி ஒழுகியிருந்தது. பிரித்தால் கருப்போடு கருப்பு, வெள்ளையோடு வெள்ளை. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது, அங்கேதான் தப்பே நடந்திருந்தது.

வண்டியில் இருந்தது டென்ஸோ முறை: இரண்டு கருப்பும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை கிரவுண்ட். புது சென்சாரோ பாஷ் முறை: இரண்டு வெள்ளையும் ஹீட்டர், கருப்பு சிக்னல், சாம்பல் கிரவுண்ட். கருப்போடு கருப்பைச் சேர்த்தால் ஹீட்டருக்குப் போக வேண்டிய 12 வோல்ட் சிக்னல் வயரில் ஏறலாம். ஒரு வோல்ட்டுக்குள் பேசுகிற சென்சார் அது, எப்படித் தாங்கும்? அந்த வண்டியில் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு தப்பித்தது அதிர்ஷ்டம்.

இன்னொரு விஷயம் நிறைய மெக்கானிக்குகளுக்கே தெரியாது. பல சென்சார்களில் வெளிக்காற்று வயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்தக் காற்றோடு புகையை ஒப்பிட்டுத்தான் அது ஆக்சிஜனை அளக்கிறது. சால்டரிங் செய்தாலோ கிரீஸ் அடைத்தாலோ அந்த வழி மூடிவிடும். கிரிம்ப் செய்து (வயர்களைச் சேர்த்து நசுக்கி இணைத்து) ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுவதுதான் சரி. என்னைக் கேட்டால், கனெக்டரோடு வரும் சென்சாரையே வாங்குங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: பி0420 வருகிறது. பின் சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் (சென்சாரைப் புகையிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கும் துண்டு) போட்டால் 300 ரூபாயில் லைட் போய்விடும் என்கிறார்கள்.

லைட் போய்விடும், உண்மைதான். ஆனால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லத்தான் அந்த சென்சாரே இருக்கிறது. ஸ்பேசர் போடுவது அதன் வாயைப் பொத்துவது. அப்புறம் அந்தப் புகையை சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற பைக்காரரும் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிற குழந்தையும்தான் சுவாசிக்க வேண்டும். இதை நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை.

முதலில் சைலன்சர் பைப்பில் லீக் இருக்கிறதா, ஏதாவது சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் ஆகிறதா, எஞ்சின் ஆயில் குறைகிறதா என்று பாருங்கள். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், பின் சென்சார் ஏறக்குறைய நிலையாக நிற்க வேண்டும். இது வைட்பேண்ட் இல்லாத வண்டிக்கு. பின்னதும் முன்னது மாதிரியே துள்ளினால் கன்வர்ட்டர் போய்விட்டது.

சிவாஜிநகரிலிருந்து: சென்சாரைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகுமா?

ஆகாது. வெளிக் கரி போகும், உள்ளே போன உயிர் வராது.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் சென்சாரைக் கெடுக்கிறதா?

பழியை அதன் மேல் போட வேண்டாம். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. எடையில் ஒரு பங்கு சாதாரண பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று என்றால் இ20க்கு சுமார் 13.5 போதும். அதனால் கலவை மெலிந்திருப்பதாக, அதாவது பெட்ரோல் குறைவாக இருப்பதாக, சென்சார் சொல்லும், இசியு கொஞ்சம் கூடுதலாக பெட்ரோல் விடும். சென்சார் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். சென்சாரை உண்மையில் கொல்வது வேறு: எரிகிற எஞ்சின் ஆயில், ஹெட் கேஸ்கெட் வழியாகக் கசியும் கூலன்ட், தப்பான சிலிகான் பேஸ்ட். கழற்றும்போது முனை வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தால் கூலன்டையோ சிலிகானையோ சந்தேகப்படுங்கள். அதைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் போகும்.

ஓசூரிலிருந்து: நானே மாற்றலாமா அண்ணா? 22 ஸ்பானர் இருக்கிறது.

தாராளமாக. ஆனால் வயர் நுழைய பக்கத்தில் வெட்டு விட்ட சாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரண ஸ்பானர் வழுக்கி சென்சாரின் நட் மூலைகளைத் தேய்த்துவிடும். முந்தின நாள் இரவே மரையில் துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். மறுநாள் எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, அணைத்துவிட்டு, கையுறை போட்டுக் கழற்றுங்கள். மக்கர் செய்தால் முழுப் பலத்தையும் காட்டாதீர்கள். கொஞ்சம் திருகி, கொஞ்சம் திருப்பி, மெதுவாக எடுங்கள். மரை போய்விட்டால் வெல்டிங்காரரிடம்தான் போக வேண்டும்.

புதியதன் மரையில் பெரும்பாலும் பேஸ்ட் தடவியே வரும், மேற்கொண்டு தடவ வேண்டாம். முனையில் விரல்கூடப் படக்கூடாது. முதல் சில சுற்று கையாலேயே ஏற வேண்டும். வயர் சைலன்சரில் உரசாமல் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். எர்ரர் கோடை ஸ்கேனரில் அழித்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள்.