ஸ்பானிஷ் மொழியியல் படித்துப் பேராசிரியர் ஆகலாமா? வேலை எப்படி இருக்கும்?

தாராளமாக ஆகலாம். நான் டெல்லி ஜேஎன்யூவில் ஸ்பானிஷ் முதுகலை முடித்து, டெக்சாஸில் முனைவர் பட்டம் வாங்கி, இப்போது அங்கேயே மொழிபெயர்ப்புப் பாடம் நடத்துகிறேன். ஹைதராபாத் இஃப்ளுவிலும் (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) ஸ்பானிஷ் படிக்கலாம். அமெரிக்காவில் முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் கைக்காசு போட வேண்டியதில்லை. தொடக்கநிலை ஸ்பானிஷ் வகுப்புகளை நீங்கள் நடத்தினால் கட்டணமும் தள்ளுபடியாகும், உதவித்தொகையும் கிடைக்கும். ஐந்தாறு வருடம் பிடிக்கும்.

சரி, வேலைக்கு வருகிறேன். என் மாணவர்களில் பாதிக்கு மேல் வீட்டில் ஸ்பானிஷ் கேட்டு வளர்ந்தவர்கள். பிக்கப் வண்டியை 'த்ரோக்கா' என்பார்கள். ஆங்கில 'ட்ரக்'தான் அது. தங்கள் ஸ்பானிஷ் கொச்சை என்று யார் யாரோ சொல்லிச் சொல்லி, வகுப்பில் வாயே திறக்கமாட்டார்கள். அவர்களுக்கு முதல் நாளே மொழியியலாளர் ஷானா பாப்ளாக்கின் 1980 ஆய்வைச் சொல்லிவிடுவேன். நியூயார்க்கின் புவேர்த்தோ ரிக்கோ மக்களிடம் அவர் கண்டது இது: ஒரே வாக்கியத்துக்குள் மொழி மாறிப் பேசுவது இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்களிடம்தான் அதிகம். இரண்டின் இலக்கணமும் அதில் உடைவதில்லை.

அதே 1980இல் ஃப்ளோரிடாவில் 18 வயது இளைஞன் ஒருவனை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கியூபாக் குடும்பம். 'இன்டாக்ஸிகாதோ' என்றார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் பேச்சில் அதன் பொருள். மருத்துவர்கள் அதை ஆங்கில 'இன்டாக்ஸிகேட்டட்' என்று நினைத்து, போதைமருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. கை கால் நான்கும் செயலிழந்துவிட்டன. இதை வகுப்பில் சொல்லும்போது இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

போன வருடம் நோயாளிகளிடம் கேட்கும் ஆங்கில மருத்துவமனைக் கேள்வித்தாள் ஒன்றை ஸ்பானிஷில் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். ஸ்பானிஷைப் பள்ளியில் படித்தவர்கள் 'யூ' வந்த இடமெல்லாம் 'தூ' போட்டார்கள், அதாவது நோயாளியை 'நீ' என்றார்கள். மலம் கழித்தலுக்கு அகராதிச் சொல். பின்வரிசையில் ஒரு பெண் எல்லாவற்றையும் 'உஸ்தேத்' என்று 'நீங்கள்' ஆக்கி, அந்த இடத்தில் 'அசேர் தெல் பாஞ்ஞோ' என்று எழுதியிருந்தாள். நம்மூரில் 'வெளிக்குப் போனீங்களா' என்று கேட்பது மாதிரி. ஏன் என்றேன். "என் பாட்டிக்கு இதுதான் புரியும்," என்றாள். பத்து வயதிலிருந்து பாட்டிக்குத் துணையாக மருத்துவமனை போய்வருகிறவள்.

அந்த வரியைப் பலகையில் எழுதச் சொன்னேன். அப்புறம் எல்லோரும் தங்கள் தாளைத் திருத்திக்கொண்டார்கள்.