வரைகோல் பதில்கள்: அகழாய்வுக்கும் அருங்காட்சியகத்துக்கும் வரைபவர்களுக்காக

ஓவியம் படித்தவள் நான். அகழாய்வுப் பானை ஓடுகளை வரையும் வேலை கிடைத்தது. நிழல் கொடுத்து அழகாக வரைந்தவற்றை, "படம் நன்றாக இருக்கிறது, ஆவணமாக இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். எதில் பிசகினேன்?
– வாசகி, மதுரை

நிழலில் பிசகியிருக்க வாய்ப்பு குறைவு. அளவில்தான் பிசகியிருக்கும். பானை ஓட்டின் படத்தை ஆய்வாளர் பார்ப்பதில்லை, அளப்பார். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு, இடப்பக்கம் பானையை வெட்டினால் தெரியும் சுவரின் தடிமன், வலப்பக்கம் வெளித்தோற்றம். இந்தியாவில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். சில அமெரிக்க வெளியீடுகளில் பக்கம் மாறும் என்பதால் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை சாய்வைக் கண்டுபிடிப்பது. விளிம்புத் துண்டைத் தலைகீழாகச் சமமான கண்ணாடியின் மேல் வைத்து, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையே வெளிச்சம் கசியாமல் அடைபடும் நிலைதான் பானை நின்ற சாய்வு. இங்கே சில டிகிரி தவறினால் அகன்ற கிண்ணம் குறுகிய குடமாகிவிடும். அப்புறம் என்ன திருத்தினாலும் பயனில்லை.

அடுத்தது விட்டம். 5 மி.மீ. இடைவெளியில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போட்ட தாளில் விளிம்பை வைத்து, எந்த வட்டத்தோடு ஒட்டுகிறது என்று பாருங்கள். வட்டத்தில் எத்தனை விழுக்காடு மிஞ்சியிருக்கிறது என்பதையும் குறியுங்கள். 5 விழுக்காட்டுக்கும் குறைவான துண்டென்றால் விட்டத்தை நம்ப வேண்டாம். வெட்டுத்தோற்றத்தை மட்டும் வரையுங்கள். கையால் வனைந்த பானைக்கு வட்டமே சீராக இருக்காது. தடிமனைக் காலிபரால் ஒரு செ.மீ.க்கு ஒருமுறை எடுங்கள். கம்பிச் சீப்பு போன்ற புரொஃபைல் கேஜை ஓட்டின் மேல் அழுத்தித் தேய்க்காதீர்கள். மேற்பூச்சில் கீறல் விழும், நாளை யாராவது அதைக் குறியீடு என்று படிப்பார்கள்.

பென்சிலில் உள்ளது உள்ள அளவிலேயே வரைந்து, பிறகு டிரேசிங் ஃபிலிமில் மை ஏற்றுங்கள். அச்சில் நாலில் ஒரு பங்காகச் சுருங்கும் என்றால் 0.2 மி.மீ. கோடு 0.05 ஆகிக் காணாமல் போகும். புறக்கோட்டுக்கு 0.6, உள்கோட்டுக்கு 0.4 பேனா சரியாக வரும். புள்ளி நிழல் நெருக்கமாக இருந்தால் சுருங்கும்போது கறுப்புத் திட்டாகும். ஒளி எப்போதும் இடப்பக்க மேல்மூலையிலிருந்து. "1:4" என்று எழுதுவதைவிட அளவுக்கோடு போடுங்கள். அச்சகம் எப்படிச் சுருக்கினாலும் கோடும் சேர்ந்தே சுருங்கும்.

ஒன்று மறந்துவிடும். 1945-ல் தொல்லியலாளர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது பேசப்பட்ட ரௌலட்டட் எனும் பானை வகைத் தட்டுகளில் அலங்கார வளையம் உள்பக்க அடியில் இருக்கிறது. பக்கத் தோற்றத்தில் அது தெரியவே தெரியாது. மேலிருந்து பார்க்கும் தோற்றமும் சேர்த்தால்தான் அந்தப் படம் முழுமை.

எழுத்துக் கீறிய ஓட்டைப் புகைப்படத்தின் மேல் டிரேஸ் எடுத்தால் போதாதா?
– வாசகர், திருநெல்வேலி

போதாது. ஓடு வளைந்தது; ஓரத்து எழுத்து படத்தில் ஒடுங்கிவிடும். அதைவிட மோசம், ஒளி விழும் திசையிலேயே ஓடும் கீறல் படத்தில் மறைந்துபோகும். விளக்கைத் தாழ வைத்து நான்கு பக்கமும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து வரையுங்கள். தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் (தமிழ் பிராமி) உயிரொலியைக் காட்டுவது எழுத்தோடு ஒட்டிய ஒரு குறுங்கோடுதான். கொத்துக் கரண்டி பட்ட புதுக் கீறல் ஒன்று அந்த இடத்தில் விழுந்திருந்தால் பெயரே மாறிவிடும். புதுக் கீறலின் உள்நிறம் வெளிறி இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஐயம் என்றால் மெல்லிய கோட்டில் தனியாகக் காட்டுங்கள். உடைந்த எழுத்தை நீங்கள் முடித்துவைக்க வேண்டாம். அது கல்வெட்டு அறிஞரின் வேலை.

சங்ககால ஊர்க் காட்சி ஒன்று, விளக்கப் பலகைக்கு. ஆதாரத்தை மீறாமல் வரைவது எப்படி?
– வாசகி, சிவகங்கை

ஊரைப் போய்ப் பார்த்துப் புகைப்படம் எடுத்து, அதிலிருந்து வரைவீர்கள். அங்கேதான் வினை. வைகைக் கரையில் இன்று கண்ணுக்குப் படும் சீமைக் கருவேலம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. பாலை என்றதும் கை தானாக வரையும் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. குளத்து வெங்காயத் தாமரை, வாசல் காகிதப்பூ இரண்டும் தென்னமெரிக்கா. சந்தைக் கூடையில் மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி எதுவும் கூடாது. எல்லாம் போர்த்துகீசியர் வந்த பிறகு. கூடையில் மிளகு, இஞ்சி, மஞ்சள், வரகு, தினை, கொள்ளு இருக்கட்டும். கரையில் பனையும் மருதமும் போதும்.

கூரைக்கும் இதே எச்சரிக்கை. கீழடியில் கூரை ஓடுகள் கிடைத்திருப்பதால் ஓட்டு வீடு வரையலாம். ஆனால் பழக்கத்தில் மங்களூர் ஓட்டைப் போட்டுவிடக் கூடாது. அதன் முதல் ஆலையே 1865-ல்தான் வந்தது. கோயில் காட்சிக்கும் அப்படியே. 1010-ஆம் ஆண்டுத் தஞ்சைப் பெரிய கோயிலை வரைந்தால், இன்றுள்ள பெரிய நந்தியும் முருகன் சன்னதியும் இருக்கக் கூடாது. இரண்டும் நாயக்கர் காலத்தவை.

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: படத்தில் உள்ள பொருள், அதற்கான ஆதாரம், ஒப்புதல் தந்தவர். ஒவ்வொரு பொருளுக்கும் க (கிடைத்தது), ஒ (வேறிடத்தோடு ஒப்பிட்டது), ஊ (ஊகம்) என்று ஓர் எழுத்து. ஊ நிறைய வந்தால் காட்சியின் கோணத்தை மாற்றுங்கள். சுவரின் அடிவரிசைகள் மட்டுமே மிஞ்சியிருந்தால், தெரியாத மேற்பகுதிக்கு முன்னால் ஒரு பனையோ அடுப்புப் புகையோ வந்து நிற்கட்டும். கள்ளத்தனம்தான், ஆனால் நேர்மையான கள்ளத்தனம்.

பென்சில் நிலையிலேயே அகழாய்வு இயக்குநரின் கையெழுத்து வாங்குங்கள். வண்ணம் முடிந்த பிறகு வரும் "அந்த உறைகிணறு இங்கே இல்லையே" என்ற ஒரு வரி ஒரு வார உழைப்பைத் தின்றுவிடும்.

பலகைக்கு எந்த அளவில் கோப்பு தருவது?
– வாசகர், புதுச்சேரி

4 அடிக்கு 3 அடிப் பலகை, அங்குலத்துக்கு 150 புள்ளி என்றால் 7200 × 5400. கோப்பின் அடுக்குகளை (லேயர்) ஒன்றாக்காமல் தனித்தனியாகவே கொடுங்கள். தமிழும் ஆங்கிலமும் எழுத இடம் விடுங்கள், ஒரே செய்திக்குத் தமிழ் கூடுதல் இடம் கேட்கும். வெயிலில் நிற்கும் அச்சில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்து, காட்சி நீலம் பாரித்துவிடும். அதனால் முக்கியமான செய்தியை நிறத்தில் மட்டும் வைக்காமல் கோட்டிலும் கருமை வெளுப்பிலும் வையுங்கள்.

காசும் உரிமையும் எப்படிப் பேசுவது? ஒப்பந்தம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயக்கம்.
– வாசகி, கோயம்புத்தூர்

கேளுங்கள். அரசு அருங்காட்சியக வேலை பெரும்பாலும் டெண்டர் எடுத்த காட்சியமைப்பு நிறுவனம் வழியாகத்தான் உங்களிடம் வரும். உங்களுக்குப் பணம் தரவேண்டியது அந்த நிறுவனம். "துறையிலிருந்து வந்ததும் தருகிறோம்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துவிட்டு, முன்பணம், பென்சில் ஒப்புதல், இறுதிக் கோப்பு என்று மூன்று தவணை எழுதுங்கள். இலவசத் திருத்தம் இரண்டு முறை. அதற்கு மேல் நாள் கணக்கில் கட்டணம். புது ஆதாரம் கிடைத்து வரும் மாற்றம் திருத்தம் ஆகாது, புது வேலை. தொழில்முறைக் கட்டணத்தில் 10 விழுக்காடு டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு முக்கியம். காசு கொடுத்து வரையச் சொன்ன வண்ண ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். அரசின் படைப்பு என்றால் அரசுக்கே உரிமை. உரிமையை எழுத்தில் மாற்றித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்கிறது 19ஆம் பிரிவு. உரிமையைக் கொடுத்த பிறகும் வரைந்தவர் நான்தான் என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். ஆகவே இரண்டு வரியாவது எழுதி வாங்குங்கள்: பலகையின் ஓரத்தில் உங்கள் பெயர், கடையில் விற்கும் அஞ்சலட்டை, கோப்பைக்குத் தனிக் கட்டணம்.