வோக்கி எஸ்எம்10 வெட்ஜ்: டெல்டா ஆட்டக்காரர்களின் கேள்விகள், பதில்கள்

2024 மார்ச்சில் டைட்லீஸ்ட் நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்த வோக்கி எஸ்எம்10 வெட்ஜ்கள், அதாவது குறுகிய தூரத்துக்குப் பந்தை உயர்த்தி அடிக்கிற கோல்ஃப் மட்டைகள், நம் பக்கத்திலும் சிலர் கைக்கு வந்துவிட்டன. நம்மில் பெரும்பாலோர் வார நாட்களில் திடலிலும் பள்ளி மைதானத்திலும் சிப் என்கிற சின்ன அடிகளை அடித்துப் பழகிவிட்டு, ஆட்டத்துக்குக் கொடைக்கானலோ கோவையோ சென்னையோ போகிறவர்கள். அதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

தஞ்சாவூர்: சார், என்னிடம் இதற்கு முந்தைய எஸ்எம்9 இருக்கிறது. எஸ்எம்10 அடித்தால் நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா?

தெரியும், ஆனால் எல்லா லாஃப்டிலும், அதாவது முகம் சாய்ந்திருக்கும் எல்லாக் கோணத்திலும், ஒரே அளவுக்கு இல்லை. இந்த வரிசை 44 டிகிரியில் தொடங்கி 62 வரை போகிறது. லாஃப்ட் குறைந்தவற்றில் எடையின் மையத்தைக் கீழேயும், லாஃப்ட் கூடியவற்றில் மேலேயும் வைத்திருக்கிறார்கள். அதனால் 58, 60 டிகிரியில் பந்து தேவையில்லாமல் வானத்துக்கு ஏறாமல் தாழ்ந்து கிளம்புகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 46, 48-ஐக் கீழே வைத்துப் பார்த்தால் அயர்ன் செட்டோடு (மற்ற இரும்பு மட்டைகளோடு) ஒட்டிப் போகிற தோற்றம். 58-க்கு மேல் முகம் வட்டமாகிறது, திறந்து வைத்து அடிக்கக் கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

உங்கள் எஸ்எம்9-இன் க்ரூவ், அதாவது முகத்திலுள்ள கோடுகள், இன்னும் கூர்மையாக இருந்தால் மாற்றவே வேண்டாம். சுமார் 75 ரவுண்டு ஆடிய பிறகு ஸ்பின் (பந்தின் சுழற்சி) குறையத் தொடங்கும் என்பது வோக்கி தரப்பே சொல்கிற கணக்கு. நகத்தால் க்ரூவின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழுக்கினால் அப்புறம் பேசலாம்.

மன்னார்குடி: 56 டிகிரியில் மட்டுமே 8எம், 10எஸ், 12டி, 14எஃப் என்று நான்கு வகை. தலை சுற்றுகிறது அண்ணா. எதை எடுக்க?

எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. அந்த எண் பவுன்ஸ், அதாவது வெட்ஜின் அடிப்பாகம் முன்விளிம்பைவிட எத்தனை டிகிரி கீழே இறங்கியிருக்கிறது என்பது. எண் கூடக்கூட அடிப்பாகம் தரையில் புதையாமல் சறுக்கிப் போகும். எழுத்து கிரைண்ட், அடிப்பாகத்தை எங்கெங்கே சீவியிருக்கிறார்கள் என்பது.

நம் தரையைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவின் களிமண் வெட்ஜை அப்படியே பிடித்துக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் அதே மண் வெடித்துக் கல்லாகக் கிடக்கும். ஈரக் களிமண்ணில் பவுன்ஸ் குறைந்த வெட்ஜால் அடித்தால் முன்விளிம்பு குத்தி நின்றுவிடும். காய்ந்த தரையில் பவுன்ஸ் கூடியதை எடுத்தால் அடிப்பாகம் எகிறி, பந்தின் வயிற்றில் விளிம்பு பட்டு, பந்து குழியைச் சுற்றியுள்ள கிரீனைத் தாண்டிப் பறக்கும். ஒரே ஆள், ஒரே ஸ்விங், மாதம் மட்டும் வேறு.

அதனால் முதல் வெட்ஜாக 56-ல் 10எஸ் எடுங்கள் என்பேன். நடுத்தர பவுன்ஸ், பின்விளிம்பு சீவப்பட்டிருக்கும், முகத்தை நேராக வைத்து அடிப்பவருக்கு இரண்டு பருவத்துக்கும் ஒத்துவரும். செங்குத்தாக இறங்கி மண்ணைப் பெயர்க்கிற ஸ்விங் என்றால் 12டி. முகத்தைத் திறந்து விதவிதமாக அடிக்கத் தெரிந்த பிறகு 8எம். 14எஃப் முழு அடிக்கும் மணலுக்கும் நல்லது, ஆனால் கோடைத் திடலில் உங்களைப் படுத்தும்.

இன்னொன்று. அறுவடை முடிந்த வயல்தானே என்று தை மாதத்தில் இறங்கிவிடாதீர்கள். சம்பா அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்து தாளுக்கு நடுவே முளைத்திருக்கும். அது ஒரு குடும்பத்தின் அடுத்த வருமானம். சொந்தத் திடல், இல்லையென்றால் அனுமதி வாங்கிய மைதானம், அவ்வளவுதான்.

திருச்சி: கொள்ளிடம் மணலில் பங்கர் ஷாட் (மணல் குழியிலிருந்து அடிப்பது) பழகுகிறேன். கே கிரைண்ட் வாங்கினால் உதவுமா?

உதவும். 58, 60 டிகிரியில் 14 பவுன்ஸோடு வருகிற கே கிரைண்டுக்கு இந்த வரிசையிலேயே அகலமான அடிப்பாகம், மணலுக்கென்றே பிறந்தது. ஜீன் சாரசன் தன் வெட்ஜின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து, விளிம்புக்கு முன்பே அடிப்பாகம் மணலைத் தொடும்படி செய்து, 1932-ல் பிரிட்டிஷ் ஓபனை வென்றார். கே கிரைண்டில் இருப்பதும் அதே யோசனைதான்.

ஆனால் ஆற்று மணல் பருபருவென்று இருக்கும். மேலே காய்ந்து, ஒரு சாண் கீழே ஈரமாக இறுகியிருக்கும். அங்கே சரியாக வந்த அடி பொடிமணல் பங்கரில் வேறு மாதிரி வரும். ஆடப் போகிற இடத்தின் பங்கரிலும் சில பந்துகள் அடித்துப் பாருங்கள். முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு இருந்தால் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம்.

நாகப்பட்டினம்: பூச்சில்லாத ரா ஃபினிஷ் அழகாக இருக்கிறது. துருவில் ஸ்பின் கூடும் என்கிறார்களே?

கூடாது தம்பி. துருவுக்கும் ஸ்பின்னுக்கும் சம்பந்தமில்லை, வெயிலில் கண் கூசாது என்பது மட்டுமே லாபம். எஸ்எம்10 கார்பன் ஸ்டீலில் வார்த்தது. உங்கள் ஊர் உப்புக்காற்றில் ரா சீக்கிரமே சிவந்துவிடும். க்ரோம் வாங்குங்கள், ஈரத்தோடு பையில் போடாதீர்கள். ராதான் வேண்டும் என்றால் ஆடி முடித்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகப் பூசுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் முகத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.

மயிலாடுதுறை: என் செட்டிலுள்ள பிட்சிங் வெட்ஜ் (லாஃப்ட் குறைந்த வெட்ஜ்) 44 டிகிரி. அடுத்து நேராக 56 வைத்திருக்கிறேன். இடையில் தூரம் மாட்டுகிறது. எத்தனை வெட்ஜ் வேண்டும்?

மாட்டத்தான் செய்யும் அம்மா, 12 டிகிரி இடைவெளி! ஒரே ஒரு 50 வாங்குங்கள், 8எஃப் போதும். 44, 50, 56 என்று சீராகிவிடும். பையில் 14 கிளப்தான் அனுமதி என்பதால் நான்காவது வெட்ஜுக்காக, தூரத்துக்கு உதவுகிற ஒரு ஹைப்ரிட் மட்டையை இழக்க வேண்டாம்.

திருவாரூர்: 62 டிகிரி?

வேண்டாம்.

கும்பகோணம்: அண்ணா, புது வெட்ஜ் வாங்கியும் பந்து கிரீனில் நிற்காமல் உருண்டு ஓடுகிறது. காசு வீணா?

பழகுவது எந்தப் பந்தில் என்று நீங்கள் சொல்லவில்லை. தூரத்துக்கென்று செய்த, கெட்டியான உறையுள்ள இரண்டடுக்குப் பந்து என்றால் எந்த வெட்ஜும் அதை இழுத்துப் பிடிக்காது. யூரித்தேன் உறையுள்ள பந்து மென்மையானது, க்ரூவ் அதைக் கவ்வும். 2024-ல் வெளிவந்தபோது வெட்ஜின் அமெரிக்க விலை 189 டாலர். அந்தப் பணத்தைப் போட்டுவிட்டுப் பந்தில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு காரணம் ஈரம். மார்கழி விடியலில் பனி படிந்த புல்லில் அடித்தால் முகத்துக்கும் பந்துக்கும் இடையே தண்ணீர் புகுந்து, பந்து உயரமாகக் கிளம்பும், ஸ்பின் குறையும். ஒவ்வொரு அடிக்கும் முன் முகத்தைத் துடையுங்கள். க்ரூவில் களிமண் அடைத்திருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். வெயில் ஏறிப் புல் காய்ந்த பிறகு, யூரித்தேன் பந்து ஒன்றை வாங்கி அதே தூரத்திலிருந்து அடித்துப் பாருங்கள். அப்போதும் ஓடினால், நீங்கள் நிற்கிற நிலையில் பந்து கால்களுக்கு இடையே எங்கே இருக்கிறது என்று தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.